அரைப்படம்

வாங்க, இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. அங்க வெயிலு. இந்தத் தியேட்டர்ல வண்டிக்குத்தான் நெழலு போட்டிருக்கறாங்க, மனுசனுக்குப் போடல. என்ற வண்டி மேல சாஞ்சுக்குங்க, பரவால்ல. ஸ்டாண்டு கெட்டியா நிக்கும். அந்தப் பையி மட்டும் கசங்காம பாத்துக்குங்க, புதுத் துணி.

உங்க வூட்டம்மா உள்ள இருக்கறாங்களா? கொழந்தையும் கூடவா? நீங்க ஏன் போகலீங்க? ஓ, பேயின்னா ஆகாதுங்களா. அதச் சொல்றதுக்கு எதுக்குங்க இப்படிக் கூச்சப்படறீங்க. எனக்குப் பேயி ஆகும், படந்தான் ஆகல. இப்பத்தான் இடைவேளையில எந்திரிச்சு வந்தேன். எம் புள்ள உள்ள இருக்குது. தாரணின்னு பேரு. இன்னைக்குப் பொறந்த நாளு அதுக்கு. பதினெட்டு.

சொல்லிக்கறதுக்கே கேவலமா இருக்குதுங்க. பதினெட்டாவது பொறந்த நாளைக்கு அப்பங்காரன் கூட்டிட்டு வந்த படம் என்னன்னா, பேயிப் படம். நான் என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க, புள்ளையக் கூட்டிட்டுப் போற மாதிரி இந்தத் திருப்பூர்ல இன்னைக்கு ஒரு படம் ஓடுதுங்களா? மொதப் படம், போஸ்டர்ல ஒருத்தன் அருவாளோட நிக்கறான். அருவாள்ல இருந்து சொட்டுது, அவன் மூஞ்சியில இருந்தும் சொட்டுது. கீழ 'குடும்பத்துடன் காண வாரீர்'னு போட்டிருக்கறாங்க. எந்தக் குடும்பம்னு போடல. ரெண்டாவது, பேசற கரடி. பொம்மைப் படம். நான் அதுக்குத்தான் போலாம்னு இருந்தேன். அருவா இல்ல, காதலு இல்ல, ஒரு கரடி தேனத் தேடிட்டுப் போகுது, அவ்வளவுதான் கதை. போன்ல சொன்னேன். "அப்பா, எனக்கு ஓட்டுப் போடற வயசாச்சு"ன்னுச்சு. ஏன், ஓட்டுப் போடறவங்க கரடி பாக்கக் கூடாதுங்களா?

சரி, கரடியும் போச்சு. மிச்சம் இதுதான். பேயிக்குக் காதலிக்கறதுக்கெல்லாம் நேரமிருக்காதுன்னு ஒரு கணக்குப் போட்டுத்தான் இதுக்கு வந்தது. அதுவும் அரைமனசாத்தான். வாரம் பூரா பேப்பரையும் போஸ்டரையும் பாத்துட்டே இருந்தேன், வெள்ளிக்கெழம ஏதாவது நல்ல படம் மாத்துவாங்களான்னு. வெள்ளிக்கெழமயும் அருவாதான் வந்துச்சு. வேற அருவா.

படத்துக்கு எதுக்கு இத்தனை ரோசனைன்னு பாக்கறீங்க. சொல்றேன்.

புள்ள என்கூட இல்லீங்க. அவங்கம்மா கூட, காங்கயத்துல, தாய்மாமன் வூட்டுல இருக்குது. ஒம்பது வயசுல போனது. பெரியவங்க உக்காந்து பேசுனப்ப ஒரு ஏற்பாடு பண்ணுனாங்க, வருசத்துல பொறந்த நாளைக்கு மட்டும் அப்பங்காரன் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போயிக்கலாம், பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து உடோணும்னு. தீபாவளி கேட்டேன், குடுக்கல. பொங்கலு கேட்டேன், குடுக்கல. சினிமா குடுத்தாங்க. அதையும் நான் கேக்கல, எங்க வூட்டு வழக்கம் அதுன்னு அவங்களுக்கே தெரியும். யாருக்குப் பொறந்த நாளு வந்தாலும் எங்க வூட்டுல கேக்கு வெட்டறதில்ல, சினிமாவுக்குப் போறது.

இந்த வருசம் பொறந்த நாளு வர்றதுக்கு முன்னால எம் மச்சான் போன் பண்ணுனாருங்க. சென்னியப்பன்னு பேரு, எம் பொண்டாட்டிக்கு அண்ணன். நெம்ப மரியாதையான ஆளு. மரியாதையா இருக்கறவங்ககிட்டத்தான் நாம ஜாக்கிரதையா இருக்கோணும். "மாப்ள, புள்ளைக்குப் பதினெட்டு ஆகுது. அன்னைக்குப் பேசுனது அதோட முடிஞ்சுது. இந்த ஒருக்கா வரும். அடுத்து வர்றதும் வராததும் அது இஷ்டம். நான் வான்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்"னாரு.

இப்பப் புரியுதுங்களா? இன்னைக்கு நான் அதுகிட்ட ஒண்ணு கேக்கோணும். 'அடுத்த வருசமும் வர்றியா கண்ணு'ன்னு. அவ்வளவுதான். படம் நல்லதா இருந்தா, பாத்துட்டு வெளிய வர்றப்ப மனசு நெறஞ்சு இருக்கும். அந்தச் சமயத்துல கேட்டா யாரும் முடியாதுங்க மாட்டாங்க. இந்தப் படத்தப் பாத்துட்டு வர்றவங்ககிட்ட என்னத்தக் கேக்கறது? மணி என்னன்னு கேக்கலாம்.

ஆனா ஒண்ணுங்க, புள்ள இந்த வாட்டி சண்டையே போடல. போன வருசமெல்லாம் அந்தப் படம் வேணும், இந்தப் படம் வேணும்னு நிக்கும். இந்த வாட்டி கரடி வேண்டாம்னு சொன்னதோட சரி. "எதுனாலும் சரிப்பா, நீங்களே பாருங்க. மத்தியான ஷோவா மட்டும் இருக்கட்டும். இடைவேளை எத்தனை மணிக்கு உடுவாங்க?"ன்னு கேட்டுச்சு. பேயிப் படமில்லீங்களா, பயம் இருக்குமாட்ட இருக்குது. தனியா பஸ் ஏறி வந்துச்சு. அதுலயே எனக்கு ஒரு பெருமை. உள்ள போறப்ப, "ரெண்டு டிக்கெட்டையும் நானே வெச்சுக்கறேன்ப்பா"ன்னு வாங்கிப் பத்தரமா வெச்சுக்கிச்சு. அப்பங்கூட வந்ததுக்கு ஒரு ஞாபகம். எனக்கு மனசு குளுந்து போச்சுங்க.

துணிதான் சித்தெ சொதப்பிருச்சு. சுடிதாரு. கம்பெனியில தெரிஞ்ச டெய்லர்கிட்டச் சொல்லி, கிட்ட நின்னு தெச்சு வாங்குனது. பையத் தொறந்து, தோளோட வெச்சுப் பாத்துச்சு. மடிச்சு திரும்ப உள்ள வெச்சிருச்சு. "யாரு அளவுப்பா இது?"ன்னுச்சு. சிறுசாப் போச்சுங்க. எனக்கு அளவு தப்பாது. என்ற பொழப்பே அது.

பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசருங்க நானு. டியூப்லைட்டுக்கு அடியில மேச. ஒரொரு பீஸா வரும். ஓட்டை, எண்ணெக் கறை, தையலு உட்டது, பட்டி கோணுனது, எங்க கோளாறோ அங்க ஒரு செவப்பு அம்பு ஸ்டிக்கரு ஒட்டி அந்தாண்ட வீசிருவேன். கழுத்துல ஒரு கோளாறக் கண்டுட்டா கையையும் கீழ் மடிப்பையும் பாக்க மாட்டேன். எதுக்குப் பாக்கறது? ஒரு பான சோத்துக்கு ஒரு சோறு பதம். புதுசா வர்ற புள்ளைங்க கேக்கும், "ஏனுங்கண்ணா, மத்ததெல்லாம் நல்லா இருக்குதே"ன்னு. மத்தது நல்லா இருந்தா என்ன அம்மிணி, கழுத்து இல்லாம போட்டுக்குவியான்னு கேப்பேன். சிரிக்குங்க. ஆனா கத்துக்குங்க.

நான் பெருசாப் படிச்சவனில்லீங்க. பத்தாவதே ராப்பள்ளிக்கூடத்துலதான். பகலெல்லாம் கட்டிங்ல துணி தூக்கிட்டு, ராத்திரி பெஞ்சுல போயி உக்காருவேன். பாதிப் பேரு தூங்குவாங்க, நான் தூங்கல. முக்கோணத்துக்கு மூணு கோணத்தையும் கூட்டுனா என்ன வரும்னு இன்னைக்கும் சொல்லுவேன். அது எதுக்கு ஒதவுச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. அந்தக் காலத்துல நான் சினிமாவே பாத்ததில்ல. அதனால கல்யாணமாகி, கையில நாலு காசு பொழங்கி, பொண்டாட்டியோட மொத மொதல்ல படத்துக்குப் போனப்ப, நெம்பக் கவனமாப் பாத்தேன். பீஸு பாக்கற மாதிரி. இடைவேளை வந்துச்சு. பாத்த வரைக்கும் பத்து கோளாறு. எந்திரிச்சேன். "வா, போலாம்"னேன். "எங்கங்க? படம் இன்னும் இருக்குதே"ன்னா மரகதம். எம் பொண்டாட்டி பேரு மரகதம். "இருக்குது. சரியில்ல"ன்னேன்.

அது அப்படியே பழக்கமாப் போச்சுங்க. எந்தப் படத்துக்குப் போனாலும் இடைவேளையில நான் ஒரு முடிவு எடுப்பேன். நல்லா இருந்தா உக்காரலாம். ஆனா எதுவும் நல்லா இல்ல, அதுக்கு நானா பொறுப்பு? எந்திரிச்சிருவோம். எங்க லைன் வூட்டுல எனக்கு அரைப்படம்னு பேரு வெச்சிருந்தாங்க. "என்ன அரைப்படம், இன்னைக்குப் படம் எப்படி?"ம்பாங்க. "முன்பாதியே பின்பாதி மாதிரி இருந்துச்சு"ம்பேன். நானும் சிரிப்பேன். கேலிக்கெல்லாம் கோவிச்சுக்கற ஆளில்லீங்க நானு. எதுக்குமே கோவப்பட மாட்டேன். பொண்டாட்டி மேல ஒரு நாளு கை வெச்சதில்ல, குரல ஒசத்துனதில்ல. கம்பெனியில போயி விசாரிச்சுப் பாருங்க, நாச்சிமுத்து கத்தி ஆரு கேட்டிருக்கறாங்கன்னு.

புள்ள பொறந்து அதுக்கும் வெவரம் வந்துச்சு. இடைவேளையில மொதல்லயெல்லாம் அழுவும். அப்புறம் அழுகறத நிறுத்திருச்சு. ஒரு பொறந்த நாளைக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கு முன்னாலயே, லைட்டுப் போட்டதும் அதுவாவே எந்திரிச்சு, கீழ குனிஞ்சு செருப்பத் தேடிட்டு இருந்துச்சு. பாத்தீங்களா, பழக்குனா எல்லாம் பழகும். பள்ளிக்கூடத்துல கெட்டிக்காரத்தனமா ஒண்ணு பண்ணுமாம். மத்த புள்ளைங்ககிட்ட முன்பாதிக் கதைய இது நல்லா ரசிச்சுச் சொல்லும், அதுக்குப் பதுலா பின்பாதிய அவங்க சொல்லோணும். அவங்க டீச்சரம்மா சொல்லி எனக்குத் தெரியும். நான் சிரிச்சேன். அந்த டீச்சரம்மா சிரிக்கல. சில பேருக்கு நகைச்சுவை உணர்ச்சியே இருக்கறதில்ல.

மரகதம் ஏன் போனான்னு கேக்க மாட்டேங்கறீங்க. நல்ல மனுசன் நீங்க. கேக்காட்டியும் சொல்றேன். வெளிய சொன்னா நம்ப மாட்டாங்க, ஒரு படத்துக்காகப் போனாளுங்க. பின்பாதிக்காக. குடிச்சேனா, அடிச்சேனா, வேற ஒருத்தி வெச்சிருந்தேனா? ஒண்ணுமில்ல. பின்பாதி.

அவளுக்குப் பொறந்த நாளுங்க அன்னைக்கு. அவளே கேட்டு ஒரு படத்துக்குப் போனோம். பாட்டெல்லாம் ரேடியோவுல கேட்டு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தா. இடைவேளை உட்டாங்க. நான் புள்ளை கையப் புடிச்சு எந்திரிச்சேன். அவ எந்திரிக்கல. தெரைய நிமுந்து பாத்துட்டு, அங்க ஊதுவத்தி வெளம்பரம் ஓடிட்டிருக்குது, அதப் பாத்துட்டே சொல்றா, "நீங்க போங்க. நான் பாத்துட்டு வர்றேன்." கெஞ்சலும் இல்ல, கோவமும் இல்ல. தயிரு வாங்கிட்டு வர்றேங்கற மாதிரி சொல்றா. நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. புள்ளையக் கூட்டிட்டு டவுன்பஸ் ஏறி வூட்டுக்கு வந்துட்டேன். சோறு போட்டேன். புள்ள தூங்கிருச்சு. கதவத் தாழ்ப்பாள் போட்டேன். கதவுன்னா தாழ்ப்பாள் போடத்தானே வேணும்?

சாயங்காலம் வந்தா. தண்ணி வர்ற நேரம். லைன் வூட்டுச் சனம் அத்தனையும் கொடத்தோட கொழாயடியில நிக்குது. கதவத் தட்டறா. நான் உள்ளதான் இருக்கறேன், எங்கயும் போயிரல. பேப்பரு படிச்சுட்டிருந்தேன். தட்டறா. கொஞ்ச நேரம் கழிச்சு நான் உள்ள இருந்தே கேட்டேன், "முழுசாப் பாத்துட்டியல்ல? முடிவு என்னாச்சுன்னு சொல்லு, தொறக்கறேன்."

தமாசுக்குத்தானுங்க. கொழாயடியில ரெண்டு பேரு சிரிக்கக் கூடச் சிரிச்சாங்க. அவளும் அத ஒரு தமாசா எடுத்துட்டு, இன்ன மாதிரி, அவன் செத்துப் போனான், இவ கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு ரெண்டு வரி சொல்லியிருந்தா முடிஞ்சுது. அந்த நிமிசமே தொறந்திருப்பேன். சொல்லல. தட்டறா, நிறுத்தறா. தட்டறா, நிறுத்தறா. நானும் அதையேதான் கேக்கறேன், முடிவு என்ன, முடிவு என்னன்னு. சிரிச்சவங்க கொடத்த எடுத்துட்டுப் போயிட்டாங்க. பக்கத்து வூட்டம்மா ஒரு நாற்காலி கொண்டாந்து போட்டாங்களாமா, அவ உக்காரலையாமா. அவ்வளவு அழுத்தம். ஒரு வார்த்தைக்கு இத்தனை அழுத்தம் இருந்தா குடும்பம் எப்படிங்க நடக்கும்?

அப்புறம் சத்தம் நின்னு போச்சு. தொறக்காம இல்லீங்க, தொறந்தேன். வெளிச்சம் வர்றப்ப தொறந்தேன். ஆளக் காணோம். மொத பஸ்ஸுக்குக் காங்கயம் போயிட்டா, பொறந்த நாளுக்குக் கட்டுன சீலையோட. ரெண்டு நாளு கழிச்சு மச்சான் வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போனாரு. பெரியவங்க கூடுனப்பவும் நான் தெளிவாச் சொன்னேன், "எனக்கு அவ மேல கோவமே இல்ல. எப்ப வேணா வரட்டும். அந்தப் படத்து முடிவ மட்டும் சொல்லிப்போட்டு உள்ள வரட்டும்"னு. எறங்கி வந்துதான் பேசுனேன். ஒருத்தருக்கும் அது புரியல. புள்ளைக்கு இது ஒண்ணுமே தெரியாது, நல்லவேளை. தூங்கிட்டிருந்துச்சில்ல.

டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா? சரி.

இந்தப் பேயிப் படத்துக்கு வர்றேன். உங்களுக்குப் பயம்னா காதப் பொத்திக்குங்க, ஆனா பயப்படறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லீங்க, அதான் கோளாறே. பேயின்னா என்ன பண்ணோணும்? கழுத்தக் கடிக்கோணும், செவுத்துல நடக்கோணும். இந்தப் பேயி ஒண்ணும் பண்ணல. ஒரு வூடு. உள்ள ஒரு குடும்பம். பொழுது எறங்குனா கதவு தட்டற சத்தம். அவ்வளவுதான். எட்டிப் பாத்தா வாசல்ல ஒரு பொம்பள நிக்கறா, மூஞ்சியக் காட்டல, முதுகத்தான் காட்டறாங்க. உள்ள இருக்கறவங்க தொறக்க மாட்டாங்க. மறுக்கா தட்டறா. முன்பாதி பூரா இதேதான். நான் கேக்கறேன், பேயிக்கு எதுக்குங்க கதவு? செவுத்துக்குள்ள பூந்து வர வேண்டியதுதானே? எழுதுனவனுக்கு இந்தச் சின்ன வெவரம் கூடத் தெரியல. மொதத் தட்டுலயே நான் ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்.

புள்ளைகிட்டச் சொன்னேன், மெதுவா, காதுல. "ஏங்கண்ணு, தட்டித்தான் வரோணும்னா அது என்ன பேயி? விருந்துக்கு வந்த ஒறம்பரை"ன்னேன். நல்ல தமாசுல்லீங்களா? பின்னால சீட்டுல ஒருத்தன் சிரிச்சான். புள்ள சிரிக்கல. கைப்புடியக் கெட்டியாப் புடிச்சுட்டு உக்காந்திருந்துச்சு. பயந்துருச்சுன்னு கை மேல கைய வெச்சேன். கைய எடுத்துக்கிச்சு. தெரையில அவ தட்டிட்டே இருக்கறா. அப்பத்தான் புள்ள சொல்லுது, என்னையப் பாக்கல, தெரையப் பாத்துட்டே சொல்லுது:

"அன்னைக்கு நான் தூங்கலப்பா."

என்னைக்குன்னு நான் கேக்கலீங்க. அதுவும் சொல்லல. பரீட்சைக்குப் படிச்சிருக்கும். இந்தக் காலத்துப் புள்ளைங்க ராவும் பகலும் படிக்குதுங்க, தூக்கமே இல்ல. நானும் அப்படிப் படிச்சவந்தானே. வேற என்னத்தச் சொல்லியிருக்கப் போகுது.

அப்பவே இடைவேளை உட்டுட்டாங்க. லைட்டப் போட்டாங்க. நான் எந்திரிச்சேன். "வா கண்ணு, போலாம். வெளிய நல்ல ஓட்டலா ஒண்ணு பாத்து ஏதாச்சும் சாப்பிட்டுப்போட்டு, அப்பா உன்கிட்ட ஒண்ணு பேசோணும்"னேன். எந்திரிக்கல. செருப்பத் தேடல. "நீங்க போங்கப்பா. நான் பாத்துட்டு வர்றேன்"னுச்சு.

தயிரு வாங்கிட்டு வர்றேங்கற மாதிரிதான்.

நான் கோவிச்சுக்கல. பதினெட்டு வயசு, ஓட்டுப் போடற வயசு. சரி, பாரு, நான் வெளிய வண்டிகிட்ட நிக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இன்னைக்கு நான் எங்கயும் போயிரலையே, பாருங்க, இங்கயேதான் நிக்கறேன். வர்ற வழியில ஒரு கூத்து. கேட்டுகிட்ட ஒரு பொம்பள கொடையத் தாழப் புடிச்சுட்டு உள்ள போகுது. கருப்புக் கொட, வெள்ளப் புள்ளி. கொடக் கம்பி என்ற கையில கிழிச்சிருச்சு, இதா பாருங்க. நின்னு ஒரு வார்த்த கேக்கல. இடைவேளைக்கு மேல எவனாச்சும் படத்துக்கு வருவானுங்களா? பாதிப் படத்த வெச்சு என்ன பண்றதுன்னு நெனச்சேன்.

ஏனுங்க சிரிக்கறீங்க? சிரிக்கலையா? சரி.

கேக்கறதுக்கு நான் ரெடியாத்தான் இருக்கறேங்க. மனசுக்குள்ள பல வாட்டி சொல்லிப் பாத்துட்டேன். 'அடுத்த வருசம் நல்ல படமாப் பாத்து வெக்கறேன் கண்ணு, வர்றியா.' அதுகூட இல்ல. 'அடுத்த வருசம் படம் நீயே சொல்லு'ன்னு வேணும்னாலும் சொல்லிப்போடுவேன். 'கடைசி வரைக்கும் உக்காரலாம்'னும் வேணும்னா... பாக்கலாம். படத்தப் பொறுத்து.

உட்டுட்டாங்களாட்ட இருக்குதே. கதவத் தொறக்கறாங்க. உங்க வூட்டம்மா எந்தக் கலரு சீல? நீங்க அந்தப் பக்கம் பாருங்க, நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேன். எம் புள்ள பச்சச் சுடிதாரு. கூட்டத்துல நீங்க பாத்தாலும் கைகாட்டுங்க.

அதா. அதா வருது பாருங்க. அழுதிருக்கு மூஞ்சி. ஆனா சிரிக்கவும் சிரிக்குது. சொன்னனல்ல, மனசு நெறஞ்சு வர்றப்ப... கூட ஆரு அது? கையக் கோத்துட்டு?

அந்தக் கொட.

ஏனுங்க, சித்தெ இந்தப் பையப் புடிங்க. இல்ல, வேண்டாம், குடுங்க. நானே வெச்சுக்கறேன்.

வா கண்ணு. படம் முடிஞ்சுதா. வா மரகதம். நல்லா இருக்கறயா. இவரு... இவரு தெரிஞ்சவரு. கண்ணு, இந்தத் துணி. அளவு மாத்தித் தர்றேன், அது ஒண்ணும் பெரிய வேலையில்ல. அப்புறம்... அடுத்த வருசம்...

என்ன?

...ஓ. அம்மாவக் கூட்டிட்டுப் போறதா. சரி. நல்லதுதான். நீயே கூட்டிட்டுப் போறயா. படத்த மொதல்ல இருந்தே பாக்கவா. சரி.

மரகதம், ஒண்ணே ஒண்ணு. இந்தப் படம்... கடைசில என்னாச்சு?

பாத்தீங்களாங்க. கொடைய விரிச்சுட்டா. அன்னைக்கும் சொல்லல, இன்னைக்கும் சொல்லல. ரோட்டத் தாண்டறாங்க பாருங்க, நம்ம புள்ள எப்படிக் கையக் காட்டி பஸ்ஸையே நிறுத்துது. கெட்டிக்காரி. திரும்பிப் பாக்கலையே தவுர, கெட்டிக்காரி.

உங்க வூட்டம்மா வந்துட்டாங்களா? வாங்கம்மிணி. கொழந்த பயந்துருச்சா? தூங்கிருச்சா? அதுதான் நல்லது. அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். நான் இடைவேளையில வந்துட்டேன். அந்தக் கதவு. கடைசில தொறந்தாங்களா?

தொறந்தாங்களா. யாரு, வூட்டுக்காரனேவா. சரி. அப்ப அவ அங்க நின்னாளா, இல்ல போயிட்டாளா?

நின்னாளா. நின்னுட்டுத்தான் இருந்தாளா. அப்ப உள்ள வந்துட்டான்னு சொல்லுங்க.

வரலீங்களா? அவன் வா வான்னு கூப்படறானா? கதவ நல்லா விரியத் தொறந்து வெச்சுட்டா? அவ மூஞ்சிய ஒருக்கா காட்டிப்போட்டு, திரும்பி நடந்து போயிட்டாளா. அவ்வளவுதானா. அதோட வணக்கம் போட்டுட்டாங்களா.

பாத்தீங்களா. நான் இடைவேளையிலயே சொன்னனுங்க, படம் சரியில்லன்னு.